கோட்டை என்று பெயர், இரத்மலானையில் வேலை

இமெல்டாவுக்குக் கோபம் வந்தால் சிங்களம் வரும். சந்தோஷம் வந்தாலும் சிங்களம்தான். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற சாதாரண நேரங்களுக்கு மட்டும் தமிழ். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தகப்பனுக்கு மூத்த மகளாக, கொச்சிக்கடைக் கோயிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? நான் வெள்ளவத்தைக்காரி. அந்த யுத்த வருடங்களில் பஸ்ஸிலும் தெருவிலும் குரலைத் தாழ்த்திக் கதைக்கப் பழகியவள். இவள் எப்போது வாயை மூடுவாள் என்று ஆரம்பத்தில் நான் பிள்ளையாருக்கு நேர்ந்ததுகூட உண்டு. நல்ல காலம், பிள்ளையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எங்கள் கம்பனி நின்றுபோயிருக்கும்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்குப் பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்து உரியவர்களிடம் சேர்ப்பது எங்கள் கம்பனியின் தொழில். நான் அங்கே சரக்குப் பத்திரங்களைக் கணினியில் பதிகிறவள். இமெல்டா டெலெக்ஸ் இயந்திரத்தில் தொடங்கியவள். கணினி வந்தபோது டெலெக்ஸ்காரரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. மற்றவர்கள் கவலைப்பட்டார்கள், இவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்து, அதை அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னாள். தன்னடக்கம் என்ற சரக்கு அவளிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

வீட்டில் அவள்தான் எல்லாம். கணவன் பேதுரு இத்தாலிக்குப் போய்விட்டான். நத்தாருக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்ட் வரும், அதோடு அவனுடைய குடும்பப் பொறுப்பு முடிந்தது. மகள் கொன்ஸ்ரன்ஸ் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு இடுப்பு முறிந்து படுக்கை. இமெல்டாவின் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவள் மறைத்ததும் இல்லை, சொல்லி அழுததும் இல்லை.

எங்கள் அலுவலகம் அப்போது கொழும்புக் கோட்டையில் இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதக் கடைசியில் அங்கே மத்திய வங்கியில் குண்டு வெடித்ததை நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் மாடியில் உயிர் போகவில்லை. ஆனால் கண்ணாடி கீறாத ஆள் ஒருவரும் இல்லை. கூரை சரிந்து கணினி அறைக்கு மேல் விழுந்தது. கம்பனியின் எல்லாக் கணக்கும் பத்திரமும் இருந்த பெரிய கணினி அதற்குக் கீழே நசுங்கிப் போனது. அதன் பெயர் 'கோட்டை'. எங்கள் கம்பனியில் கணினிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது வழக்கம்.

பிரதியெடுத்த நாடாக்கள் இரத்மலானையில் எங்கள் களஞ்சியத்தில் இருந்தன. அங்கே ஒரு பழைய கணினியும் சும்மா கிடந்தது, பெயர் 'இரத்மலானை'. யாராவது அங்கே போய் எல்லாவற்றையும் எழுப்பவேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு, அடிக்கொரு சோதனைச் சாவடி, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஆண்கள் ஒவ்வொருவருக்கும் காய்ச்சல், தலையிடி என்று ஒவ்வொரு வருத்தம் வந்தது. இமெல்டா நெற்றியில் பிளாஸ்ரரோடு எழும்பி நின்றாள்.

"நான் போறன். ஆனா ஒருத்தரும் ஃபோன் எடுத்து எப்ப முடியும் எப்ப முடியும் எண்டு கேக்கக்கூடாது."

போனாள், எழுப்பினாள். ஒரு கிழமைக்குள் துறைமுக வாசல், விமான நிலையம், வெள்ளவத்தை என்று எல்லாக் கிளைகளிலும் திரைகள் உயிர்பெற்றன. அவள் செய்த வேலை என்னவென்று பிறகு எனக்குச் சொன்னாள். கிளைகளில் இருந்த எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் 'கோட்டையிடம் கேள்' என்றுதான் எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகப் போய் மாற்றுவதென்றால் மாதக்கணக்காகும், வழியில் எத்தனை சாவடி! அதனால் அவள் கிளைகளைத் தொடவேயில்லை. வலையமைப்பில் எந்தப் பெயர் எங்கே இருக்கிறதென்று சொல்ல ஒரு பெயர்ச் சேவை உண்டு. அதிலே 'கோட்டை' என்ற பெயரை ஒரு சொஃப்ட் லிங்க் ஆக்கிவிட்டாள். அதாவது, அந்தப் பெயருக்குப் பின்னால் இயந்திரம் எதுவும் இல்லை. யாராவது கோட்டை என்று கேட்டால், சேவை சத்தமில்லாமல் 'இரத்மலானை' என்ற பெயருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

"உங்கட வீட்டு ஃபோனை யோசிச்சுப் பாருங்க பத்மா" என்றாள். "மேல் வீட்டு ஆக்களுக்கு வெளிநாட்டில இருந்து கோல் வந்தா நீங்க போய்க் கூப்பிடுறீங்கதானே? எடுக்கிறவருக்கு உங்கட நம்பர்தான் தெரியும். கதைக்கிறது மேல் வீட்டு ஆளோட. அவ்வளவுதான்."

என் பெயர் பத்மாவதி. என்னைப் பத்மா என்று சுருக்க அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று அப்போது எனக்குக் கோபம். ஆனால் விளங்கிவிட்டது.

அதன்பிறகு இமெல்டா இரத்மலானையிலேயே தங்கிப்போனாள். காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதி வழியே இன்னொரு பஸ். சாவடிகளில் இறங்கித் தமிழர் வரிசையில் நிற்பாள். "மல்லி, நேத்தும் நீங்கதானே பாத்தது, என் மூஞ்சி மாறிப்போச்சா?" என்று சிங்களத்தில் சிப்பாயைத் தம்பி முறை வைத்துக் கேட்பாள். சிலர் சிரிப்பார்கள். சிலர் அதற்காகவே இன்னும் அரைமணி நேரம் நிற்க வைப்பார்கள். அவளுக்குத் துணையாகக் களஞ்சியத்தில் நிலாம் என்று ஒரு முஸ்லிம் மனிதர் இருந்தார், அவரை அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றே கூப்பிடுவாள். மின்சாரம், ஜெனரேட்டர், குளிரூட்டி எல்லாம் அவர் பொறுப்பு. கரண்ட் போகும் காலத்தில் அந்தப் பழைய கணினி ஒருநாளும் தூங்கவில்லை என்றால் அதற்கு நிலாம்தான் காரணம்.

இரண்டு வருடம் கழிந்தது. அலுவலகம் வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கமாக ஒரு நிரந்தர இடம் பிடித்தது. பொது முகாமையாளர் இராஜநாயகம், புதிதாக ஒரு பெரிய கணினி வாங்கினார். அவர் கணக்காளர், யாழ்ப்பாணத்து மனிதர், நேர்மையானவர். சட்டைப் பையில் பேனா இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. புதுக் கணினிக்கு அவர் ஒரு கண்ணாடி அறை கட்டுவித்தார். திறப்பு விழாவுக்கு ஐயரும் வந்தார், பாதரும் வந்தார், பக்கத்து விகாரையிலிருந்து பிக்குவும் வந்தார். கணினியின் நெற்றியில் சந்தனப் பொட்டு, மேலே தீர்த்தம், கைப்பிடியில் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல். கொழும்பில் ஒரு பெட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பு யாரும் கொடுக்கமுடியாது.

கணினியை விற்ற கம்பனியின் எஞ்சினியர் அன்றைக்குப் பழைய தரவுகளை நாடாவிலிருந்து ஏற்றினார். பிறகு பெயர்ச் சேவையில் புதுக் கணினிக்குக் 'கோட்டை' என்ற பெயரை வைக்கப் பார்த்தார். அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்று பதில் வந்தது. கோட்டை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று பதில் வந்தது. யாரோ முதலே செய்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, எல்லாம் முடிந்தது என்று இராஜநாயகத்திடம் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரை மட்டும் குற்றம் சொல்வது சரியல்ல. சாதாரணமாகக் கேட்டால் பெயர்ச் சேவை இணைப்பைத் தாண்டிப் போய் மறுபக்கத்து இயந்திரத்தைப் பற்றித்தான் சொல்லும். நடுவில் ஓர் இணைப்பு இருக்கிறதென்று சொல்லவே சொல்லாது.

அப்படித்தான் எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெரிய கூத்து தொடங்கியது. கண்ணாடி அறையில் புதுக் கணினி பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றது, ஒரு வேலையும் செய்யவில்லை. வேலை முழுக்கப் பழையபடி இரத்மலானைக்கே போனது. எங்களுக்கு அது தெரியாது. என்ன வேகம், என்ன வேகம் என்று நாங்கள் பூரித்துப்போனோம். நானே வீட்டில் சொல்லியிருக்கிறேன், புது மிசின் வந்தபிறகு விரல் எடுக்கமுதல் எழுத்து விழுகிறதென்று. அந்த மாதம் தொலைபேசிக் கம்பியை மாற்றியிருந்தார்கள், வேகம் அதனால் வந்தது. இராஜநாயகம் வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கண்ணாடி அறைக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டுவார்.

இமெல்டாவுக்கோ வேலை குறையவில்லை. வேலையை இங்கிருந்து புது மிசினுக்கு இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை, தொடங்கும்போது சொல்வார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழாவுக்கு அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தக் கோபத்தில் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் இராஜநாயகம் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு இரத்மலானை அறையை மூடுவதாகவும், அன்றைக்கு மத்தியானம் நிலாம் அந்தக் கணினியை நிறுத்திவிடவேண்டும் என்றும், அவளும் நிலாமும் அத்தோடு வேலையிலிருந்து நிற்கலாம் என்றும் சொன்னார். அரைவருடமாக ஒரு வேலையும் இல்லாத இயந்திரத்துக்கு அறை எதற்கு, ஆள் எதற்கு என்பது அவருடைய நியாயம்.

"வேலை இல்லாத மிஷினா? சேர், எல்லா வேலையும் இங்கதான் நடக்குது!"

"இமெல்டா, நீர் நல்லாய் வேலை செய்தனீர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வேலை போகுதெண்ட உடன இப்பிடிக் கதை சொல்லாதையும்" என்றார் அவர், போனை வைத்துவிட்டார்.

அவள் உடனே எனக்கு எடுத்தாள். சிங்களத்தில் ஆரம்பித்தாள், நடுவில் அழுதாள், தமிழில் முடித்தாள். நான் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால், இமெல்டா பிழையாகச் சொல்கிறாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இரத்மலானையில் நிலாமுக்கு அப்படி ஒரு சந்தேகமும் இல்லை. அவருக்கு வந்தது வேறு யோசனை.

"ஏன் மிஸ் சண்ட புடிக்கிறீங்க? வெள்ளிக்கெழம பகலைக்கு நான் சுவிச்ச அமத்துறேன். அப்ப தெரியும்தானே, எந்த மிஷின் ஓடிக்கிட்டீக்கிதுன்னு. அந்தா, பெரியவரே வாகனம் எடுத்துக்கிட்டு ஓடி வருவாரு."

இமெல்டா எனக்கு இதைச் சொல்லும்போது, அந்த யோசனை தனக்கு எவ்வளவு பிடித்திருந்ததென்றும் சொன்னாள். முழுக் கம்பனியும் அப்படியே நிற்கிற காட்சியை அவள் ஒரு நிமிடம் மனதில் ஓடவிட்டுப் பார்த்தாளாம். பிறகு அடுத்த காட்சியும் வந்தது.

"நானா, நிப்பாட்டினா என்ன நடக்கும்? கப்பல் நிக்கிற நேரத்தில துறைமுகத்தில நம்மட பெட்டியெல்லாம் நிண்டுபோகும். ஏன் நிண்டது எண்டு கேப்பாங்க. வேலையால நிப்பாட்டின அண்டைக்கு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில, ஒரு தமிழ்ப் பொம்பிளை இருந்த அறையில கொம்பியூட்டர் நிண்டது எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு சொஃப்ட் லிங்க் எண்டு நான் விளங்கப்படுத்த முடியுமா? புலி வேலை எண்டு எழுதி என்னை உள்ள போட்டிடுவாங்க. என்ர பிள்ளை என்ன செய்யும்?"

நிலாம் சுவிச்சுக் கதையை விட்டுவிட்டார். அந்த வருடங்களில் கொழும்பில் அப்படி உள்ளே போனவர்கள் எத்தனைபேர் என்று எல்லோருக்கும் தெரியும். வேலை போனால் வேறு வேலை தேடலாம். அந்தப் பழி விழுந்தால் தேட அவளே இருக்கமாட்டாள். ஆகையால் அவள் உண்மையைக் காட்டவேண்டும், அதுவும் இரத்மலானைக் கணினி நிற்பதற்கு முன்னால் காட்டவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிபோல இமெல்டா வெள்ளவத்தை அலுவலகத்துக்குள் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், நத்தார்ப் பூசைக்குக் கட்டுவது. உதட்டில் சாயம். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஒன்று நின்ற நாள், அலுவலகம் சந்தைபோல இருந்தது. எல்லா மேசையிலும் தொலைபேசி அடித்தது, அச்சியந்திரங்கள் கறகறவென்று பத்திரங்களைத் துப்பிக்கொண்டிருந்தன.

இராஜநாயகம் அறையிலிருந்து வெளியே வந்தார். "இமெல்டா, இண்டைக்கு எனக்கு நேரமில்லை."

"எனக்கும் இல்ல சேர். பகல் வரைக்கும்தான் எனக்கு வேலை இருக்கு. இந்த மிஷின்ல ஒரு வரி அடிச்சுக் காட்டுறன், அவ்வளவுதான். அது பிழை எண்டா நான் இப்பவே போறன், நீங்க ஒண்டும் தரத் தேவையில்லை."

அவருடைய சம்மதம் கேட்காமலே என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். முதலில், அந்த எஞ்சினியர் கேட்டதுபோலச் சாதாரணமாகக் 'கோட்டை' எங்கே என்று கேட்டாள். உயிரோடு இருக்கிறது என்று பதில் வந்தது.

"பாத்தீரோ?" என்றார் இராஜநாயகம், கண்ணாடி அறையைக் காட்டி. "அந்தா நிக்குது."

"பொறுங்க சேர். இது போற இடத்தைக் கேட்டது. இப்ப வழியைக் கேக்கப்போறன்."

'ஷோ லிங்க்' என்று அடித்து, பக்கத்தில் கோட்டை என்ற பெயரை அடித்து, என்டரைத் தட்டினாள். நான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். சில வரிகள்தான் வந்தன. இந்தப் பெயர் ஓர் இணைப்பு என்றது ஒரு வரி. அது சுட்டும் பெயர் 'இரத்மலானை' என்றது இன்னொன்று. அதற்குக் கீழே, இணைப்பு உருவான திகதி தொண்ணூற்றாறு மாசி மாதம். கடைசியில் ஒரு காலக்கெடு. அந்தக் கெடு முடியும்போதெல்லாம் இரத்மலானைக் கணினி இருக்கிறதா என்று சேவை போய்ப் பார்க்கும், இருந்தால் நீட்டிக்கும், இல்லாவிட்டால் இணைப்பை அழித்துவிடும் என்று இமெல்டா விரலால் தொட்டுச் சொன்னாள். தானே வைத்த கெடு என்று சொல்லும்போது குரலில் பெருமை வழிந்தது.

இராஜநாயகம் குனிந்து பார்த்தார். கணினி அவருக்குத் தெரியாது. ஆனால் திகதி தெரியும், கணக்காளருக்கு அதைவிட வேறென்ன தெரியும்? உருவான திகதியிலேயே அவர் கண் நின்றுவிட்டது. புதுக் கணினிக்குக் காசோலை எழுதியவர் அவர். இந்த இணைப்பு அதற்கு இரண்டு வருடம் மூத்தது.

"இதுக்குப் பிறகு ஒருத்தரும் மாத்தேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாத்தியிருந்தா இது லிங்க் எண்டே காட்டாது சேர். உங்கட மிஷின்ட பேர் இதில எந்த இடத்தில இருக்கு? காட்டுங்க பாப்பம்."

"பிறகு அது இவ்வளவு நாளும் என்ன செய்யுது?"

"சும்மா நிக்குது."

அருகில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். இராஜநாயகத்தின் காது சிவந்தது. இனி இவர் வெளியே போ என்று சொல்லிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் சொல்லவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. "வரியை எப்பிடியும் அடிக்கலாம்" என்றார். "எனக்கு இது விளங்காது. எனக்கு விளங்கிற மாதிரி ஒண்டு காட்டும்."

இமெல்டா எழும்பினாள். அலுவலகம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சரி. எங்கட மிஷினை நிப்பாட்டத் தேவையில்ல. உங்கட மிஷினை நிப்பாட்டுங்க, இப்பவே. கப்பல் நிக்கிற நேரம், எல்லாரும் வேலை செய்யிற நேரம். ஒரே ஒரு ஆளிண்ட வேலை நிண்டாலும் நான் பிழை. நிக்காட்டி?"

இராஜநாயகம் கண்ணாடி அறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரையில் இருந்த திகதியைத் திரும்பப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் செய்ததை நான் இன்றுவரை மதிக்கிறேன். வேறு யாரையும் ஏவவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், இமெல்டா வெளியிலிருந்து சொல்லச்சொல்ல ஒவ்வொன்றாக நிறுத்தினார். பச்சை விளக்குகள் அணைந்தன. உள்ளே இரைந்துகொண்டிருந்த காற்றாடி ஓய்ந்தது. சந்தனப் பொட்டு மட்டும் தெரிந்தது.

வெளியே அச்சியந்திரங்கள் கறகறவென்று ஓடிக்கொண்டே இருந்தன.

நான் பாய்ந்து என் கணினியில் உட்கார்ந்து, பாதியில் விட்ட பத்திரத்தைத் திறந்தேன். திறந்தது. ஒரு வரி பதிந்தேன். பதிந்தது. விரல் எடுக்கமுதல் எழுத்து விழுந்தது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கமுடியவில்லை. இராஜநாயகம் வெறுங்காலோடு மேசை மேசையாகப் போனார்.

"நிண்டதோ?"

"இல்லை சேர்."

"உமக்கு?"

"இல்லை சேர், ஏன்?"

கடைசியில் துறைமுக வாசல் கிளைக்குத் தானே தொலைபேசி எடுத்தார். கொம்பியூட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டார். ஓம் சேர், என்ன விசயம் என்று அங்கிருந்து கேட்டது எங்களுக்கும் கேட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தார். பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் அலுவலகம் வெடித்தது. யார் முதலில் கைதட்டியதென்று தெரியாது. நானும் தட்டினேன், உள்ளங்கை நோகத் தட்டினேன். தேநீர் கொண்டுவருகிற அங்கம்மா, என்ன ஏதென்று தெரியாமலே தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். இமெல்டா நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி, கலியாணப் பெண் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கூச்சப்பட அவளுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

சத்தம் அடங்கியபிறகு இராஜநாயகம் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறொன்று இருந்தது.

"இண்டைக்கு மத்தியானம் நிலாம் அதை நிப்பாட்டியிருந்தா..."

"துறைமுகத்தில எல்லாம் நிண்டிருக்கும் சேர். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது நீங்க பூசை வச்ச நாளையின்ட கணக்கு. பிறகு என்னைத் தேடி வந்திருப்பாங்க."

அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றுதான் இருந்தது. கிருலப்பனையில் அவருடைய வீட்டையும் இரண்டு தடவை சோதித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"உம்மட்டை இல்லை, பிள்ளை" என்றார். "நிப்பாட்டச் சொன்னது நான். முதல்ல என்னட்டைத்தான் வந்திருப்பாங்கள்."

அதுவரை சண்டைக்கோழியாக நின்ற இமெல்டாவுக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. அவரைக் காப்பாற்றவும்தான் வந்தேன் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் அந்த நிமிடத்தில் ஒரே பயம், ஒரே ஆறுதல்.

அவள்தான் முதலில் தேறினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. என் மேசைத் தொலைபேசியை எடுத்து இரத்மலானை எண்ணைச் சுழற்றி, ரிசீவரை இராஜநாயகத்திடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க சேர். நான் சொன்னா அந்த மனுசன் நம்பமாட்டார்."

இராஜநாயகம் வாங்கினார். "நிலாம், நான் இராஜநாயகம் கதைக்கிறன். மிசினை நிப்பாட்ட வேண்டாம். ஓம், சுவிச்சிலை கை வைக்கவேண்டாம். இல்லை, அறை பூட்டுப்படாது. திங்கக்கிழமை நீர் வழமைபோல வாரும். இமெல்டா மிஸ்தான் இனி எல்லா மிசினுக்கும் பொறுப்பு, இங்க நிக்கிறதுக்கும் சேத்து. அவ சொல்லுறதைச் செய்யும்."

மறுமுனையில் நிலாம் எதையோ உரக்கச் சொன்னார். என்னவென்று விளங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்பது மட்டும் கேட்டது. இராஜநாயகம் சிரித்துக்கொண்டே ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தார். இமெல்டா அதைக் காதில் வைத்தாள். விளக்கணைந்த கண்ணாடி அறையை ஏற இறங்க ஒருதடவை பார்த்தாள், அளவெடுக்கிற மாதிரி.

"நானா, அந்த ஜன்னல் பக்கத்து மூலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க" என்றாள். "புதுசா ஒண்டு வருது. வெள்ளவத்தையில சும்மா நிண்டு பழகினது, நாங்கதான் அதுக்கு வேலை பழக்கவேணும்."